ஒட்டுக் கம்பி

எட்டாம் நம்பர் மலையில் சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டிக் கிடக்கிறது என்ற செய்தி, ஆண்கள் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மூன்றாம் நம்பருக்கு வந்து சேர்ந்தபோது, மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மற்றவர்களெல்லாம் சிறுத்தையைப் பார்க்க ஓடினார்கள். மாயாண்டி தன் கம்பியைப் பார்க்க ஓடினார்.

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்புவதற்கே இடமில்லாத ரோட்டின் கடைசியில் இருக்கிறது அந்தத் தோட்டம். எட்டாம் நம்பர் மலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அந்தக் காட்டிலிருந்து இறங்கி வரும் பன்றிகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மாயாண்டி போட்டிருந்த போஞ்சியையும் உருளைக்கிழங்கையும் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். காட்டை வெட்டித் தேயிலை நட்டது அவருடைய பாட்டன் பூட்டன்தான். மிச்சமிருந்த காட்டை மிருகங்களுக்கென்று வேலி போட்டு எழுதிவைத்த சர்க்காருக்கு, வெட்டியவன் பேரப்பிள்ளைக்கு ஒரு துண்டு நிலம் எழுதிவைக்க மட்டும் கை வரவில்லை. அந்தக் கோபம் மாயாண்டிக்கு எப்போதும் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் ஒன்பது வருஷமாகச் சுருக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பிதான் சுருக்கு. சாயங்காலம் வைத்துவிட்டு, விடியக்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுமுன்னே போய்ப் பார்த்து எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை சுருக்கு வைப்பதில்லை என்பது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் விறகுக்கு அந்தப் பக்கம் போகும். இந்தச் சனிக்கிழமை அந்தச் சட்டத்தை அவரே மீறினார். ஞாயிறு காலை போய் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு. ஆனால் விடியுமுன்னே லிந்துலையிலிருந்து சாவு செய்தி வந்து, குடும்பத்தோடு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவர் திங்கட்கிழமை அசந்து தூங்கிவிட்டு நேரே வேலைக்குப் போய்விட்டார்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்திருந்தார். கம்பி ஒரு முழம் போதவில்லை என்று இரண்டு துண்டை முடிச்சுப் போட்டு, அதன் மேல் கட்டுக்கம்பியைச் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார். பன்றி கழுத்தைக் கொடுத்துவிட்டு ஒரே பக்கமாக இழுக்கும். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். சிறுத்தை அப்படியா? சுழலும், புரளும், எகிறும்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே எள் விழ இடமில்லை. கொழுந்து எடுக்க வந்த பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியுமாக நின்றார்கள். கீழ் டிவிசனிலிருந்து ஆட்டோ பிடித்துக்கூட ஆள் வந்திருந்தது. வனவிலங்கு இலாகாக்காரர்கள் இரண்டு பேர் செடிக்குச் செடி ஒரு நைலோன் கயிற்றைக் கட்டிவிட்டு, அதற்குள் யாரும் வரக்கூடாது என்று சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். சனம் அந்தக் கயிற்றில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தது. கயிற்றுக்கும் சிறுத்தைக்கும் இருபது அடி இருந்தால் அதிகம்.

கம்பி அதன் இடுப்பில் இறுகியிருந்தது. ராத்திரி முழுவதும் இழுத்ததில் தோல் அறுந்து, கம்பி சதைக்குள் புதைந்து, வயிற்றுப் பக்கம் சிவப்பாகப் பிளந்து தொங்கியது. எட்டிய தூரம் வரை மண்ணைப் பிறாண்டித் தேயிலை வேரையெல்லாம் வெளியே எடுத்திருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து ஒரு கோரைப்பல் பாதியில் முறிந்திருந்தது. பக்கத்தில் யாரோ வீட்டு நாய் ஒன்று குடல் சரிந்து கிடந்தது. காலையில் குரைத்துக்கொண்டு கிட்டப் போன நாய். சிறுத்தை உறுமும்போது வாயிலிருந்து இரத்த நுரை வந்தது. மாயாண்டிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஏனென்றால் அவர் கண் போனது ஒட்டுக்கு.

மேலே சுற்றிய கட்டுக்கம்பி பிய்ந்து போயிருந்தது. முடிச்சு இரண்டு விரல் அகலம் வழுகியிருந்தது. இன்னும் ஒரு விரல் அகலந்தான் மிச்சம்.

“தள்ளிப் போங்க! பிள்ளைகள கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க!” என்று கத்தினார்.

“மாயாண்டியண்ணனுக்கு வந்த பயத்த பாரேன்” என்று ஒருத்தி சிரித்தாள். “கம்பி கெட்டியா இருக்குண்ணே. போட்டவன் கைகாரன்” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் சொல்லிக் கண்ணடித்தான். போட்டவன் யார் என்று லயத்தில் தெரியாதவர் கிடையாது.

தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். பன்றி விழுந்தால் முப்பத்திரண்டு வீட்டுக்கும் கூறு போகும். சிலிசிலி பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு வீடு விடாமல், சண்டைக்காரன் வீட்டுக்கும் சேர்த்து மாயாண்டியின் மனைவி ராசம்மாதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். கூறு வாங்கிய வீடு வாய் திறக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இலாகாக்காரர்கள் வந்து வீடு வீடாக விசாரித்தபோது, முப்பத்திரண்டு வீடும் ஒரே குரலில் தெரியாது என்றது. அதில் லயத்துக்கே பெருமை. இன்றைக்கும் காலையிலிருந்து அந்த இரண்டு அதிகாரிகளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள்.

பத்தரை மணிக்கு மிருக வைத்தியர் வந்தார். ஒரு சிங்களப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். காரை விட்டு இறங்கி நேரே கயிற்றைத் தாண்டிப் போய்ச் சிறுத்தையைப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மயக்க ஊசித் துவக்கில் மருந்தை ஏற்றத் தொடங்கினார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வைத்தியர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சனத்துக்குச் சொல்லச் சொன்னார்.

“சத்தம் போடாதீங்க. ஊசி பட்டதும் ஒரு துள்ளு துள்ளும், பயப்படாதீங்க, கம்பி புடிச்சிக்கும். மருந்து ஏற பத்து நிமிசம் ஆகுமாம்” என்றார் கந்தப்பன்.

ஒரு துள்ளு. அந்த ஒரு துள்ளை அந்த முடிச்சு தாங்காது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் மாயாண்டி. சொன்னால் ஜெயில். சிறுத்தை வழக்கில் ஜாமீன்கூட லேசில் கிடைக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறார். சொல்லாவிட்டால் முன்னால் நிற்கிற இத்தனை உயிர். முதல் வரிசையில் ராசம்மாவும் நின்றாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கந்தப்பனிடம் போனார்.

“தலைவரே, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, சுட வேணாமுன்னு. கம்பியில ஒட்டு இருக்கு. ரெண்டு துண்டு. அவுந்திரும்.”

“ஒங்களுக்கு எப்புடித் தெரியும்னு கேப்பாங்க. வாய மூடிக்கிட்டுப் போங்கண்ணே.”

“நான்தான வச்சேன்! சொல்லுங்க, நான்தான் வச்சேன்னு சொல்லுங்க!”

அவர் போட்ட கூச்சலில் வைத்தியர் திரும்பிப் பார்த்தார். அதிகாரிகளும் திரும்பினார்கள். அவ்வளவுதான், லயமே பதறிப்போனது. ஒருவன் அவர் தோளைப் பிடித்தான். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். ராசம்மா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். கொழுந்துக் கறை படிந்த அந்தக் கை அவர் பல்லோடு சேர்த்து அழுத்தியது.

“ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஜெயிலுக்குப் போகப் போறீங்களா? பேசாம இருங்க” என்று காதில் சொன்னாள்.

வைத்தியர் என்ன என்று கேட்டார். கந்தப்பன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “எயா பீலா, மிஸ்” என்றார். குடித்திருக்கிறார் என்று அர்த்தம். காலையிலேயேவா என்பதுபோல் வைத்தியர் தலையை ஆட்டினார். கூட்டிப் போகச் சொல்லி அதிகாரி கையைக் காட்டினார். முப்பத்திரண்டு வீடும் அன்றைக்கு ஒற்றுமையாக இருந்தது. தங்களுக்குச் சோறுபோட்ட மனுஷனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அத்தனை பேரும் அவரைப் பின்னால் இழுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாயைப் பொத்திய அந்தக் கைக்குள் மாயாண்டி முண்டினார், உண்மைதான். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு அப்பாடா என்றிருந்தது. நான் சொல்லிவிட்டேன், கேட்காதது அவர்கள் பாடு என்று மனசுக்குள் ஒரு மூலை சொன்னது. அந்த நொடியில் முண்டுவதை நிறுத்தினார்.

வைத்தியர் சுட்டார். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை.

சிறுத்தை ஆள் உயரத்துக்கு எகிறியது. கம்பி ஒருமுறை விறைத்தது, முடிச்சு அவிழ்ந்தது, விடுபட்ட முனை காற்றில் சுழன்று ஒரு அதிகாரியின் கன்னத்தைக் கிழித்தது. அலறிக்கொண்டு சனம் நாலா பக்கமும் சிதறியது. கூடைகள் கவிழ்ந்தன, செடிகளுக்கு நடுவில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மாயாண்டியைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். ராசம்மா மட்டும் விடவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபடியே பின்னால் போனவள், படங்கு தடுக்கிக் கானுக்குள் விழுந்தாள். தண்ணீர் வடிய வெட்டிய கான், முழங்கால் ஆழம். காட்டுக்கு ஓட வழி தேடிய சிறுத்தையும் அந்தக் கானுக்குத்தான் பாய்ந்தது.

அது அவளைத் தேடி வரவில்லை. வழியில் கிடந்தாள், கடித்தது. கழுத்தைக் கவ்வி இரண்டு உதறு உதறியது. எலும்பு முறிந்த சத்தம் மாயாண்டிக்குக் கேட்டது.

அவர் இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தி கைக்கு வந்தது. கானுக்குள் குதித்து முதல் வெட்டு வெட்டியது முதுகில். சிறுத்தை திரும்பி அவர் தொடையில் நகத்தைப் பதித்து முட்டி வரை கிழித்தது. வலி தெரியவில்லை. இரண்டாவது வெட்டு கழுத்தில். மூன்றாவது முகத்தில். ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், கட்டையும் கல்லும் கத்தியுமாக. வைத்தியர், “எப்பா! எப்பா!” என்று வேண்டாம் வேண்டாமென்று கதறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது பேர் சேர்ந்து அடித்தார்கள். மண்டை நசுங்கிய பிறகும் அடித்தார்கள். பயந்த பயத்துக்கெல்லாம் சேர்த்து அடித்தார்கள். ஒருவன் வாலைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் அப்போதும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கந்தப்பன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

மாயாண்டி கத்தியைக் கீழே போட்டபோது கானில் ஓடிய தண்ணீர் சிவந்திருந்தது. வைத்தியர் கானுக்குள் முழங்கால் போட்டு, தன் மேல்சட்டையைக் கழற்றி ராசம்மாவின் கழுத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டு, ராசம்மாவின் சேலையை இழுத்து முகத்தில் போர்த்தினார்.

மாயாண்டி அவள் காலடியில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. அவள் கால்விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

கன்னம் கிழிந்த அதிகாரி கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். கம்பித் துண்டு இரண்டும் அவர் கையில் இருந்தன. இரண்டையும் பார்த்தார், பிறகு சனத்தைப் பார்த்தார். ஒரு சாவுக்கும் ஒரு சிறுத்தைக்கும் யார் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று கத்தினார். கந்தப்பன் தமிழில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.

“தெரியாதுங்க” என்றது ஒரு குரல்.

“நாங்க காலைலதான் பாத்தோம்” என்றது இன்னொன்று.

கந்தப்பன் குனிந்து மாயாண்டியின் தோளைத் தொட்டார். கண்ணீர் தாரைதாரையாக ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு. “பேசாம இருங்கண்ணே. எதுவும் சொல்ல வேணாம். மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

மாயாண்டி எழுந்தார். கிழிந்த கால் தாங்கவில்லை. கான் மேட்டைப் பிடித்துக்கொண்டு அதிகாரியைத் தாண்டி வைத்தியரின் முகத்தைப் பார்த்தார்.

“கம்பிய மகே, மிஸ்” என்றார். “மமயி தெம்மே.”

கம்பி என்னுடையது, நான்தான் வைத்தேன். சிங்களத்தில் நாலே வார்த்தை. பசாரில் கராஜ்காரனிடம் கம்பி கேட்டு வாங்கவும், பஸ்ஸில் சண்டை போடவும், ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்கவும் ஒரு ஆயுசாக அவர் பேசிவந்த பாஷைதான். கந்தப்பன் வாய் பிளந்து அவரையே பார்த்தார்.

வைத்தியரின் இரண்டு கையிலும் முழங்கை வரை ராசம்மாவின் இரத்தம். அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் சிங்களத்தில், அப்போதே இதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்தக் கேள்வியும் மாயாண்டிக்கு நன்றாகவே புரிந்தது.