நூறு தப்படி

"தேய்க்காதீங்க!"

கோரின் போட்ட சத்தத்தில் ஈமக்கூடத்துப் பெண்மணியின் கையிலிருந்த பஞ்சு தரையில் விழுந்தது. ஆர்லனின் இடது கையைத் தன் கையில் ஏந்தி, நெடி அடிக்கும் ஏதோ ஒரு திரவத்தால் அவள் புறங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழற்றி வைத்திருந்த கல்யாண மோதிரத்தைத் தன் கையாலேயே புருஷனுக்கு மாட்டிவிடலாம் என்றுதான் கோரின் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"வெறும் பேனா மைதாம்மா. கொஞ்சம் அழுத்தித் துடைச்சா போயிடும்."

"போக வேணாம். அப்படியே இருக்கட்டும்."

நீல மையில் ஏழு இருபது என்று எழுதியிருந்தது. ஏழின் காலில் குறுக்குக் கோடு. முப்பத்துநாலு வருஷமாகப் பிறந்தநாள் அட்டையிலும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் சீட்டிலும் அவள் பார்த்த அதே ஏழு.

வில்வேட்டைக்காரன் அம்பு விட்ட கையோடு செய்யும் முதல் வேலை மணி பார்ப்பது. அம்பு பட்ட எல்க் மான் கிடா நின்ற இடத்தில் விழுந்துவிடாது. ஓடும், எங்காவது போய்ப் படுக்கும். பின்னாலேயே துரத்தினால் எழுந்து அடுத்த மாவட்டத்துக்கே போய்விடும். அதனால் ஒரு மணி நேரம் இருந்த இடத்தில் இருமாமல், அசையாமல் கிடக்க வேண்டும். ஆர்லனுக்கு மணி மனசில் தங்காது. புறங்கையில் எழுதிக்கொள்வார்.

அப்படியானால் அம்பு விட்ட பிறகும் மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்திருக்கிறார், மூடியைக் கழற்றியிருக்கிறார், கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். மூடியைத் திரும்ப மாட்டியும் இருக்கிறார். பேனா மூடியோடுதான் காகித உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கொழுந்தன் ராய்ஸ் சொன்னது இது இல்லையே.

"அம்பு விட்டாரு அண்ணி, அப்படியே சாஞ்சாரு. மாரடைப்பு, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான் ஓடிப்போயி மடியில போட்டுக்கிட்டேன். வலியே தெரிஞ்சிருக்காது." சனிக்கிழமை மத்தியானம் சமையலறை வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு அவன் சொன்னதை ஊரே மனப்பாடம் செய்துவிட்டது. பால்கடைக்காரன் முதல் பாதிரியார் வரை எல்லோரும் அதைத்தான் திருப்பிச் சொன்னார்கள். நல்ல சாவு, கொடுத்து வைத்தவர், தம்பி மடியில் போனார்.

காரில் மகள் டான்யாவும் அதையேதான் சொன்னாள். "சித்தப்பா பக்கத்துல இருந்தாரேம்மா. எனக்கு அதுவே போதும்."

கோரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரச் சாம்பல் புதர்களைத் தவிர ஒன்றுமில்லாத வெளி கண்ணுக்கெட்டிய வரை கிடந்தது. மரம் கிடையாது, பாறை கிடையாது. ஒரு முயல் காதை ஆட்டினால்கூட அடுத்த மேட்டிலிருந்து தெரியும். இந்தப் பக்கத்து எல்க்குகள் கண்ணை நம்பிப் பிழைப்பவை.

அவள் மனசு கூட்டிக் கழிக்கத் தொடங்கியிருந்தது. உதவி கேட்டு ராய்ஸ் போன் செய்தது எட்டு ஐம்பதுக்கு. ஷெரீப் ஆபீஸ் ஆளே சொன்னான். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போகக் கால் மணி நேரம். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்கில் வரவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் இவன்?

அவளுக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. அந்தக் கிடா. அந்தப் பகுதியில் வேட்டையாடக் குலுக்கலில் அனுமதி விழ ஆர்லன் பதினோரு வருஷம் காத்திருந்தார். ராய்ஸுக்கு இந்த வருஷமும் விழவில்லை. பொட்டை மான் போலக் குரல் கொடுத்துக் கிடாவை அழைக்க மட்டுமே கூடப் போனான். போகும்போதே, "கொம்பு எனக்கு, கறி உங்களுக்கு" என்று கிண்டலடித்துக்கொண்டுதான் போனான். இப்போது கொம்பு அவன் கொட்டகையில் தொங்குகிறது. அவளே ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள், அவள் கை விரித்தால் எட்டாத அகலம். அண்ணன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, இவன் ரத்தத் தடம் பார்த்துக் கிடா பின்னால் போயிருக்கிறான். போயிருப்பான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு வேட்டைக் கிறுக்கு.

மாதா கோயில் நிலவறையில் பெண்கள் சாப்பாட்டு மேஜைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பன்றித்தொடை, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. பக்கத்துப் பண்ணை மர்னா அந்த ஜெல்லியைக் கண்ணால் காட்டி, "ஆர்லன் இதப் பாத்திருந்தா இன்னொரு தடவ செத்திருப்பாரு" என்று காதில் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் கோரின் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சவப்பெட்டி தூக்கும் ஆறு பேரும் ஒரு மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் ஓரத்தில் இருந்தான். கறுப்புக் கோட்டு, புதுச் சட்டை. எல்லோரும் முழங்கையை மேஜையில் ஊன்றியிருக்க, அவன் மட்டும் கைகளை ஏந்தலாக வைத்துக்கொண்டிருந்தான். யாரோ சர்க்கரை கேட்க, எட்டி எடுக்கப்போனவனின் முழங்கை விளிம்பில் பட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கோரின் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ராய்ஸ், கொஞ்சம் வெளிய வா."

பக்கவாட்டுப் படியில் காற்று பிய்த்து அடித்தது. கதவு சாத்திக்கொண்டது.

"கோட்டக் கழட்டு."

"அண்ணி, குளிருது…"

"கழட்டுடா. சட்டைக் கையச் சுருட்டு."

சுருட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள், சில சீழ் கோத்திருந்தன. நடுவில் மயிர் போன்ற முட்கள் இன்னும் நின்றன.

"ஓடிப்போயி மடியில போட்டுக்கிட்டவனுக்கு முழங்கை பூரா ஏன்டா சப்பாத்திக்கள்ளி முள்ளு?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஏழு இருபதுன்னு கையில எழுதி வெச்சிருக்காரு. நான் பாத்தேன். இத்தன நாள் ஊருக்கே கத விட்டியே, எனக்காவது நெஜத்தச் சொல்லு. கிடாவத் துரத்திக்கிட்டுப் போனியா? அவர அங்க தனியாப் போட்டுட்டு?"

"துரத்தல அண்ணி." அவன் தலையை ஆட்டினான். "துரத்தியிருந்தாக்கூட அவரத் தாண்டித்தான் போயிருப்பேன். பாத்திருப்பேன். நான் எங்கயுமே போகல."

"பின்ன?"

"படுத்துக் கெடந்தேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் அவருக்குப் பின்னாடி நூறு தப்படி தள்ளி இருந்து குரல் கொடுத்தேன். கிடா வந்துச்சு, அம்பு விட்டாரு, பட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. சரிவுல எறங்கி ஓடிருச்சு. அவரு உக்காந்து எழுதினாரு, நான் பாத்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு கையத் தூக்கினாரு." ராய்ஸ் தன் கையை உயர்த்திக் காட்டினான், உள்ளங்கை கீழே பார்க்க. "இப்படி. உங்களுக்கே தெரியும் அண்ணி, நாங்க சின்னப் பசங்களா இருந்தப்பலேந்து அதுக்கு ஒரே அர்த்தந்தான். அசையாத, கிடா நம்மளப் பாக்குதுன்னு. நான் இருந்த எடத்துலயே குப்புற விழுந்தேன். கள்ளி மேல."

கோரின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"கால் மணி இருக்கும், ஓரக்கண்ணால பாத்தேன். மறுபடியும் கை. அடச்சே, இன்னும் நின்னுக்கிட்டிருக்கே இந்தச் சனியன், நம்ம ஒரு அசைவுல அண்ணனோட பதினோரு வருஷம் பாழாயிரக் கூடாதுன்னு…" அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "அதுக்கப்புறம் நான் தலையத் தூக்கவே இல்ல அண்ணி. ஒரு மணி நேரம் முடிஞ்சப்புறந்தான் எந்திரிச்சேன். பெருமையா சிரிச்சுக்கிட்டே போனேன்."

"கிடா எங்க இருந்துச்சு?"

"சரிவுக்கு அந்தப் பக்கமே செத்துக் கெடந்துச்சு. அம்பு பட்ட ஒரு நிமிஷத்துல விழுந்திருக்கும்."

"அப்ப பாத்துக்கிட்டு நின்னது?"

"யாருமில்ல."

அப்படியானால் அந்தக் கை உதவி கேட்டுத் தூக்கிய கை. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே இந்த மனுஷன் என்று அவள் மனசு அலறியது. நெஞ்சு அடைத்துக் குரல் வராமல் போயிருக்கலாம். இல்லை, இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்தால் சரியாகிவிடும், வேட்டையைக் கெடுப்பானேன் என்று வாயைப் பொத்திக்கொண்டே கிடந்திருக்கலாம். ஆர்லனை அவளுக்குத் தெரியும். இரண்டாவதைச் செய்யக்கூடிய ஆள்தான். அந்த நினைப்பில் செத்தவர் மேலேயே அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செத்தவரைத் திட்ட முடியாது. எதிரே நின்றவன் உயிரோடு இருந்தான்.

"நீ பெட்டியத் தூக்காத."

"அண்ணி…"

"தூக்காதன்னு சொன்னேன்."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். பொத்தான் மாட்ட வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினான்.

பாட்டும் பிரார்த்தனையும் முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவரும்போது இடதுபக்கக் கடைசிப் பிடியில் ஆள் இல்லை. மர்னாவின் புருஷன் முன்வந்தார். கோரின் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். ஏன் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஐந்து பேரும் பெட்டியைச் சாயாமல் வண்டியில் ஏற்றுவதற்குள் வியர்த்துவிட்டார்கள். "சித்தப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள் டான்யா. "முதுகு பிடிச்சிக்கிச்சாம்" என்றாள் கோரின். அந்தச் சாவைப் பற்றி ஊரில் சொல்லப்பட்ட இரண்டாவது பொய் அது.

கல்லறை ஊருக்கு மேற்கே மேட்டில் இருந்தது. அங்கேயும் ஒரு மரம் கிடையாது. வண்டியின் பின்கதவைத் திறந்து ஐந்து பேரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். பாதிரியார் தாள்கள் பறக்காமல் பெருவிரலால் அழுத்திக்கொண்டு அவளையே பார்த்தார்.

கோரின் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு வெளியே ராய்ஸின் பிக்கப் வண்டி நின்றது. அதற்கு முன்னால், புதர்களுக்கு நடுவே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். வரவும் துணியவில்லை, போகவும் முடியவில்லை. மறைந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

வா என்று அவள் கையைத் தூக்கினாள்.

அவன் பார்த்தான். பார்த்தது இங்கிருந்தே தெரிந்தது. ஆனால் நின்ற இடத்திலேயே விறைத்துப்போனான். அவள் இன்னொரு தடவை தூக்கினாள். உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அசையவில்லை. காற்றில் அவன் சட்டைக் கை மட்டும் படபடத்தது.

"இருங்க, வந்துடறேன்," என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டு, கறுப்புப் பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கோரின் புதர்களுக்குள் இறங்கினாள். அவன் கண் அவள் முகத்துக்கு வரவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நூறு தப்படி இருக்கும். நடந்து போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.