பெயர் சுரண்டிய துப்பாக்கி

ஹோபர்ட்டின் கடைக்கு என் துப்பாக்கி விற்பனைக்கு வந்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் என்னைக் கண்டால் கடைவீதியில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர்கள். எங்கள் கவுண்டியின் போலீஸான ஷெரிஃப் அலுவலகம் பழைய உலோகத் துப்பாக்கிகளைத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் உடம்புள்ள புதிய ரகத்துக்கு மாறிவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படித்தேன். பழையது முப்பத்தொன்றும் ஹோபர்ட்டிடம் போயிருந்தது. அதில் ஒன்று பதினேழு வருஷம் என் இடுப்பில் கிடந்தது.

ஷெரிஃபின் கீழ் டெபுட்டியாக இருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு அவரவர் சுமந்த துப்பாக்கியையே கொடுத்தனுப்புவது இங்கே வழக்கம். அரசாங்கச் சொத்தை இனாமாகக் கொடுக்கக் கூடாது என்பதால் விலை ஒரு டாலர். தேவாலயக் கூடத்தில் வினிகர் ஊற்றிய பன்றிக்கறி விருந்து, அந்த ஒரு டாலரை ஷெரிஃப் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், எல்லாரும் கை தட்டுவார்கள். துப்பாக்கியின் பக்கவாட்டில் பெயர் செதுக்கியிருக்கும். குடித்துவிட்டு ரோந்துக் காரைக் குளத்தில் இறக்கினவனுக்குக்கூட இதெல்லாம் நடந்தது.

எனக்கு விருந்து அக்டோபரில். செதுக்குகிற ஆள் மான் வேட்டை தொடங்கிவிட்டால் வேலை எடுக்க மாட்டான் என்பதால், ஆகஸ்டிலேயே ஒரு மாற்றுத் துப்பாக்கியை என் கையில் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொண்டு போனார்கள். எதற்கென்று தெரியாதவள் மாதிரி நானும் நடித்தேன். செப்டம்பரில் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னேன். கூட வேலை பார்த்த மேப்ரி, தீவனக் கடைக்குப் பின்னால் ராஸ்கோ டில்லரி என்ற லாரி ஓட்டுநரைப் போட்டு அடித்துக் கையை உடைத்த வழக்கு அது. நான் பார்த்ததைச் சொன்னேன். மேப்ரிக்கு வேலை போய்ப் பதினெட்டு மாதம் சிறை. எனக்கு விருந்து போனது. கடைசி நாளன்று என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் கடைக்குள் நுழைந்ததும், கேட்காமலேயே ஹோபர்ட் அந்தத் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், யாரிடமும் பகை வைத்துக்கொள்ளாதவர். அப்படிப்பட்டவர்கள்மேல் எனக்கு எப்போதுமே எரிச்சல்தான்.

"நீ வருவேன்னு தெரியும் டார்லீன். ஒரு வாரமா எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்."

கறுப்பு உலோகத்தின் வலப்பக்கம் இரண்டு அங்குல நீளத்துக்கு வெளேரென்று இருந்தது. அரத்தை வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அதிலும் அவசரம், கடைசி இரண்டு எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. பிளாஸ்டிக்காக இருந்தால் உருக்கித் தொலைத்திருக்கலாம்.

"அந்தத் தேய்ப்புக்காக முப்பது டாலர் குறைச்சுப் போட்டிருக்கேன்" என்றார்.

"அது தேய்ப்பு இல்ல. என் பேரு."

"தெரியும்மா. அதான் உனக்குன்னா இன்னும் இருபது குறைக்கிறேன்."

"என்ன பெரிய மனசு உங்களுக்கு!"

"கோபத்தை என்மேல காட்டாத. எடுத்துப் பாரு."

எடுத்தேன். கை தானாகப் பிடித்துக்கொண்டது. மேல்பாகத்தை இழுத்து உள்ளே காலி என்று பார்த்தேன். உறையில் போட்டு எடுத்ததில் முனை மட்டும் தேய்ந்திருந்தது, குழாய் சுத்தம், விசை பழைய மாதிரியே இதமாக இருந்தது. பொருள் நல்ல பொருள். இன்னும் முப்பது வருஷம் உழைக்கும்.

வாங்கினால், ஒரு டாலருக்கு மரியாதையோடு வர வேண்டியதை முந்நூறு டாலர் அழுது வாங்கின மானங்கெட்டவள் நான். வாங்காவிட்டால், எவனாவது ஒருவன் வாங்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் பீர் டப்பாக்களைச் சுட்டுக்கொண்டிருப்பான். என் இருபத்திரண்டு வருஷ வேலைக்கு மிச்சம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுத்தால் அவர்கள் சுரண்டினது செல்லுபடியாகிவிடும் என்று தோன்றியது.

"எடுத்து வைங்க" என்றேன்.

ஹோபர்ட் தலையைச் சொறிந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு எங்கள் மாநிலத்தில் ஷெரிஃபின் அனுமதிச்சீட்டு வேண்டும். இன்னார் நற்குணம் உள்ளவர் என்று அவர் கையெழுத்திட வேண்டும். இத்தனை வருஷமும் அந்தத் தாளை மற்றவர்களுக்கு நீட்டினவள் நான். எனக்கு அது தேவைப்படும் என்று மறந்தே போனேன்.

"என் பேரை அரத்தால தேய்ச்சவன், நான் நல்லவள்னு கையெழுத்துப் போடணுமா?"

"சட்டம்மா. உறவில்லாத ஒருத்தர் சாட்சியும் வேணும். நான் போடக் கூடாது, விக்கிறவன்."

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வீம்பு. ஷெரிஃப் மறுத்தால் மறுக்கட்டும், எழுத்தில் மறுக்கட்டும், அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி, தன் மகன் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பாதிரியார் எனக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். பேனாவைத் தவிர மற்ற எல்லாம் அவரிடம் இருந்தது. கடைசியில்தான் ராஸ்கோ டில்லரி ஞாபகம் வந்தது. இந்தக் கவுண்டியிலேயே எனக்கு நன்றி சொல்ல வேண்டியவன் ஒருவன் உண்டென்றால் அவன்தானே?

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய பாத்திரத்தில் வேர்க்கடலை வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தான். வலது கை சரியாகக் கூடவில்லை, லாரி ஓட்ட முடியாது. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"டெபுட்டி மேடமா! என்ன, இன்னொரு கை பாக்கி இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

சிரித்து வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, உதடு அசைய முழுவதும் படித்தான். பிறகு இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான்.

"நல்ல குணமா? உங்களுக்கு? அதுக்கு நான் சாட்சியா?"

"உனக்காகச் சாட்சி சொல்லித்தான் எனக்கு இந்தக் கதி, ராஸ்கோ. வேலை முடிஞ்சு வெளிய வரும்போது ஒருத்தரும் கை குடுக்கலை."

"எனக்காகவா? சரி. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'காரை விட்டு இறங்கினேன், பாத்தேன், உடனே தடுத்தேன்'னு சொன்னீங்க."

"பொய்யா?"

"இல்லை. இறங்கினதும் தடுத்தீங்க. எப்ப இறங்கினீங்க?"

பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"பொழுது சாயற நேரம். உங்க கார் விளக்கு நேரா என் மூஞ்சியில அடிச்சுது. வந்துட்டாங்க, இனிமே விட்டுருவான்னு நெனச்சேன். அவன் விடலை. உங்க வெளிச்சத்துலதான் அடிச்சான். வலி தெரியாம இருக்க நான் நொடி நொடியா எண்ண ஆரம்பிச்சேன் மேடம். கை ஒடிஞ்சப்ப நூத்தி எண்பது. உங்க கார்க் கதவு திறந்தப்ப இருநூத்திப் பத்து."

மேப்ரியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் மனைவியின் பிரசவத்துக்கு நான்தான் காரோட்டினேன். அவனாகவே நிறுத்திவிடுவான் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்காததால் நடக்காதது மாதிரி ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"இந்தத் துப்பாக்கிதான் அன்னிக்கும் உங்க இடுப்புல இருந்துதா?"

"ஆமா."

"அப்ப வாங்கிக்குங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்தே இருக்கறதுதான் நியாயம்."

இடது கையால் பேனாவைப் பிடித்தான். எழுத்து எழுத்தாக, அவசரப்படாமல், கேட்டிருந்ததை எல்லாம் நிரப்பினான். கடைசியில் கையெழுத்தும் போட்டான். தாளோடு ஒரு பொட்டலம் சூடான கடலையையும் என் கையில் வைத்து, காசு வேண்டாம் என்று திரும்பிக்கொண்டான்.

காரில் ஏறித்தான் படித்தேன். பெயர், முகவரி எல்லாம் ஒழுங்காக இருந்தது. விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற கேள்விக்கு எதிரே, கோணல் எழுத்தில், மூன்றரை நிமிடம் என்று எழுதியிருந்தான்.

மறுநாள் காலை ஹோபர்ட்டைக் கூப்பிட்டு, துப்பாக்கியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

"ஏம்மா, சாட்சி கெடைக்கலையா?"

"கெடைச்சுது. விலைதான் கட்டுப்படியாகலை" என்றேன்.