தொட்டிப் பேய்க்கு நான் போட்ட ரிஜெக்ட்

12 நவம்பர் 2025, புதன்

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் நான் சொன்னது தவறு. தொட்டிப் பேய் படத்தின் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகாது என்றேன். ஈடாகுமா ஆகாதா என்பது உண்மையில் எனக்குத் தெரியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் லைனில் முதல் பீஸைச் சோதித்து ஓகே சொன்ன பிறகுதான் மற்றவை ஓடும். படத்துக்கும் அதையே செய்வோம் என்று பஸ்ஸில் முடிவானது. சோதிக்கும் வேலை பார்ப்பவள் என்பதால் என்னையும், என்னோடு அறையில் தங்கியிருக்கும் உலகம்மாளையும் போன ஞாயிறு முதலில் அனுப்பினார்கள். நன்றாக இருந்தால் வருகிற ஞாயிறு பதினோரு பேரும் போவது. முதல் பாகத்தை, இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம். எங்களில் மாரிக்குத்தான் மறுபடி அப்படிப் போக ஆசை அதிகம். அவளுக்கு ஓசூர் பிளான்ட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. வருகிற ஞாயிறுதான் அவள் இங்கே இருக்கும் கடைசி ஞாயிறு.

முதல் பாகத்தின்போது உலகம்மாள் பயத்தில் என் கையைப் பதினான்கு முறை கிள்ளினாள். பழைய டைரியில் இருக்கிறது. ஆகவே இம்முறை மடியில் ஒரு தாளை வைத்து, அவள் கிள்ளும்போதெல்லாம் கோடு போட்டேன். மொத்தம் நான்கு கோடுகள். அதை வைத்துத்தான் 'ரிஜெக்ட்' என்றேன். மாரி வாதாடவில்லை.

"சரி வுடு. நீ சொன்னா கரீட்டாதான் இருக்கும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று, கம்பெனி எங்களுக்கு நடத்தும் மாலை வகுப்பில், எதையும் அளக்கும் முன் அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பாடம். படத்துக்கு நான் வைத்த கருவி உலகம்மாளின் கிள்ளல். அறைக்கு வந்ததும், படம் நிஜமாகவே பயமாக இல்லையா என்று அவளைக் கேட்டேன்.

"ஏட்டி, சனிக்கெழம நைட்டு டூட்டி பாத்துட்டு நேரா வந்தவ நானு. இடவேளைக்கு முன்னாலயே உறங்கிட்டேன். நீ தாளும் பேனாவுமா இருந்த. படத்த நீ பாப்பன்னுல்லா நெனச்சேன்."

"அப்ப அந்த நாலு?"

"ஒண்ணு முறுக்கு கேட்டுக் கிள்ளுனது."

அவள் தூக்கமில்லாமல் வந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். கோடு விழாத கட்டங்களில் சுழி போட்டிருக்கிறேன். இடைவேளைக்குப் பின் மூன்று கட்டங்களில் மட்டும் சுழிகூட இல்லை. அது பேயின் அம்மா வரும் இடம். யார் தடுத்தும் கேட்காமல், தன் பிள்ளை மூழ்கிச் செத்த தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக் கழுவுவாள். பேய் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது நான் பேனாவையே மறந்திருக்கிறேன். முதல் பாகத்தில் பயந்தது நினைவிருக்கிறது. இப்படி ஓர் இடம் இருந்ததாக நினைவில்லை.

இன்று ஷிப்ட் முடிந்து திரும்பும் இரண்டு மணி பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னேன். "மாரி, நான் சொன்னது செல்லாது. உலகு தூங்கிடுச்சு. நான் அவ கிள்ளுனதத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கோதண்டம் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "படம் பாக்க அனுப்புனா, பக்கத்து சீட்ட செக் பண்ணிக்கினு வந்துகீது பாரு!" என்றார்.

மாரி சிரிக்கவில்லை. "அத்த வுடுண்ணா. இன்னாடி சத்யா, படம் மொதல் பார்ட் அளவுக்குக் கீதா, இல்லியா?"

"பயம் அவ்ளோ இல்ல. ஆனா செகண்ட் ஆஃப்ல நான் அழுதுட்டேன்."

"பேய்ப்படத்துலயா அழுத? அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? ஞாயித்துக்கெழம எல்லாரும் போறோம். உலகு, நீ என் பக்கத்துல குந்து. தூங்கினா நான் கிள்ளுறேன்."

பஸ் சுங்குவார்சத்திரம் வருவதற்குள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். எது சிறந்த படம் என்று மார்க் போட எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டாம் பாகம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதிவைக்கிறேன். இதிலும் தவறியிருக்கலாம். ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: ஷிப்ட் முடிந்ததும் தியேட்டருக்குப் போய், ஞாயிறு மதியக் காட்சிக்குப் பதினோரு டிக்கெட் எடுக்க வேண்டும்.