பகல் ஷிஃப்ட்

கடலோரமாக ஏதாவது அமைதியான ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். காற்று வாங்கத்தான் என்று கணவனிடம் சொன்னாள். உண்மையில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி லேபில் ஒன்பது வருடமாக இரவு ஷிஃப்டில் ரத்தம் பரிசோதித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பகல் ஷிஃப்ட் கிடைப்பதாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாறினால் ஊர் உலகத்தைப் போல இவளும் ராத்திரியில் வீட்டில் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மனிதருக்கு அது பிடிக்குமா என்று தெரிய வேண்டாமா?

அவன் பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவான். அவள் ஏழுக்கே போயிருப்பாள். அவள் லீவு நாளில் அவன் களைத்து விழுவான். அவன் லீவு நாளில் அவள் பகலெல்லாம் தூங்குவாள். இப்படியும் ஒரு குடும்பம் ஓடுமா என்றால், ஓடியது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதங்களில் ஓடியது.

'குழாய் ரிப்பேர்காரர் வந்தார். குழாயைத் தவிர எல்லாத்தையும் பார்த்துட்டுப் போனார்.' 'உன் அக்கா போன் பண்ணினாங்க. நாற்பது நிமிஷம். என் பங்குக்கு நாலு ம் சொன்னேன்.' காகிதத்தில் அவன் பெரிய வாயாடி. வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, கீழே பதில் எழுதிவிட்டுத்தான் அவள் படுப்பாள்.

சனிக்கிழமை மதியம் அந்த வாயாடியோடுதான் வந்து இறங்கியதாக நினைத்தாள். சீசன் இல்லாத நேரம். முக்கால்வாசிக் கடைகளுக்குப் பூட்டு. லாட்ஜ் அறையில் இரண்டு நாற்காலிகளை சன்னலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள்.

"கடல் பெருசா இருக்கு" என்றான்.

"ஆமா" என்றாள்.

அன்றைய பேச்சு கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாப்பிடப் போன இடத்தில் அவன் மெனு கார்டை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தான், பாவம். கேள்வியை அவள் நாளைக்குத் தள்ளிப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்தபோது மணி ஒன்பது. அவன் இல்லை. கண்ணாடியில் ஒரு காகிதம் செருகியிருந்தது. 'எழுப்ப மனசு வரல. கரைக்கு ஒரு நடை போய்ட்டு வந்தேன், திரும்பவும் போறேன். அங்க ஒரு நாய் என் பின்னாடியே வருது. நான் டிரைவர்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு, நான் நிக்கிற இடத்துல எல்லாம் ஏறப் பார்க்குது.' தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பழக்கதோஷம், பேனாவை எடுத்துக் கீழே எழுதினாள்: 'சில்லறை வச்சிருக்கான்னு கேளுங்க.' பிறகு அவனைத் தேடிக் கரைக்குப் போனாள். காணவில்லை.

திரும்பி வந்தபோது அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அவன் கண்ணாடி முன் நின்று அவள் எழுதியதைப் படித்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆசையாக உள்ளே போனாள். அவன் திடுக்கிட்டுக் காகிதத்தை மடித்தான். சிரிப்பும் போய்விட்டது.

"வந்துட்டியா?"

"ம்."

எழுதினவள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவளே எழுதினதுதான், இருந்தாலும்.

மாலை திரும்பும் பஸ்ஸில், வளைவு வரும்போதெல்லாம் அவன் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. இப்போது கேட்காவிட்டால் இனி முடியாது என்று தோன்றியது அவளுக்கு.

"பகல் ஷிஃப்ட் தர்றேன்னு சொல்றாங்க. வந்துடட்டுமா? தினமும் ராத்திரி வீட்ல இருப்பேன்."

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு அன்பாகத்தான் சொன்னான். "திடீர்னு கேட்டா எப்படிச் சொல்றது? எழுதி வையேன். பார்த்துட்டு சொல்றேன்."

அடுத்த ஊரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அவள் இறங்கிப் போய் லேப் இன்சார்ஜுக்குப் போன் செய்தாள்.

"நான் நைட்லயே இருந்துக்கறேன் மேடம்."

"ஏம்மா, வீட்டுக்காரர் வேண்டாங்கறாரா?"

"அப்படியெல்லாம் இல்ல மேடம். எங்களுக்கு அதுதான் தோதா இருக்கு."

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்குப் போன் என்று அவன் கேட்கவில்லை. நாளைக்கு எழுதிவைத்தால் போதும் என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது.