கணினியின் பின்பக்கம்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. இரவு வேலையை விட்ட பிறகும் எனக்குத் தூக்கம் பகலில்தான். ஒரு மத்தியானம் அரைத்தூக்கத்தில் கிடந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பெண் குரல்: "இந்த ஓட்டையை யாருப்பா அடைச்சது?" அவ்வளவுதான் கேட்டது. மீதியெல்லாம் நான் போட்டது.

2

முதல் தொடக்கம்: பிராட்பேண்ட் என்னும் பெருவெள்ளம் அந்த வீட்டு வாசலை – வேண்டாம்.

இரண்டாவது: மகள் கணினியைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. பழைய விளையாட்டுகளை அழித்து இடம் பண்ணினாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியைத் துடைத்தாள். எழுந்த தூசி, கீழே இறங்க மனமில்லாமல் ஜன்னல் வெயிலில் மிதந்தது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தமும் மிதந்துதான் வந்தது. [நான் முழுதாக விழித்திருக்கவில்லை என்பதை மறக்காதீர்கள்.]

என்ன அவசரம்? அண்ணன். அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பிப் போய்க் கப்பலில் சேர்ந்தவன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முகம் பார்த்துப் பேசலாம் என்று சொல்லியிருந்தான். நாளை கப்பல் கிளம்பிவிட்டால் மாதக்கணக்கில் அவன் குரல்கூடக் கிடையாது.

3

இணைப்பு கொடுக்க வந்தவர் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்தார். மோடத்தை மேசைமேல் வைத்தார். கணினியின் பின்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

"ஒயர் மாட்ட இங்க ஒரு வழி இருக்கணுமேம்மா?"

மகள் எட்டிப் பார்த்தாள். துளை நிறைய மெழுகு.

"இந்த ஓட்டையை யாருப்பா அடைச்சது?"

"நான்தான்." அப்பா பேப்பரை இறக்கவில்லை. "எறும்பு போச்சு."

"பக்கத்துல ரெண்டு ஓட்டை சும்மாத்தான் கிடக்கு. எறும்பு இதுக்குள்ளதான் போவேன்னு அடம்பிடிச்சுதா?"

"ஒயரை எலி கடிச்ச வீடெல்லாம் பாத்திருக்கேன் சார்," என்றார் இணைப்புக்காரர். "மெழுகுவத்தி ஏத்தின வீட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "புள்ள மூஞ்சி உள்ள வரக் கூடாதுன்னு அடைச்சீங்களா?"

அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

4

இங்கே நின்றுவிட்டேன். அப்பா எனக்குப் பிடிபடவில்லை. எறும்புக்காக அடைத்தார் என்றால் இது வேடிக்கைக் கதை. மகனுக்காக என்றால் அவரைக் கெட்டவராக்க வேண்டும். ஆனால் ஒரு கெட்டவர் உட்கார்ந்து மெழுகை உருக்கி, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல், அத்தனை பொறுமையாக [வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை]

அதனால் அவர் கையில் ஓர் ஊக்கைக் கொடுத்தேன். யாரும் சொல்லாமல் அவரே மண்டிபோட்டுச் சுரண்டினார்.

"கம்பியில குத்திடாதீங்க சார்."

"தெரியும்யா. அடைச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா?"

5

மோடத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. இணைப்புக்காரர் கிளம்பிவிட்டார். ஐந்து மணி தாண்டி, திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் சேர்ந்தது. முதலில் தாடி. பிறகு அண்ணன்.

"இளைச்சுட்டியேடா."

"கேமரா அப்படிக் காட்டுதும்மா."

அப்பா எழுந்துபோய்க் கணினியின் பின்பக்கம் நின்றுகொண்டார். அங்கே நின்றால் மகன் குரல் கேட்கும். மகனுக்கு இவர் தெரியமாட்டார்.

"அப்பா எங்க?"

அப்பா மகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். இல்லை என்று சொல்.

6

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் மகள் திரைமேல் மாட்டிய கேமராவை அவர்மேல் திருப்புகிறாள். பிடிபட்ட திருடனைப்போல நிற்கிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இன்னொன்றில் "வெளிய போயிருக்கார்" என்கிறாள். அண்ணன் தலையாட்டிவிட்டுக் கப்பலேறுகிறான். மூன்றாவதில் அவரே முன்னால் வந்து உட்கார்கிறார். அது நான் எழுதியதில்லை, என் தூக்கம் எழுதியது. அடித்துவிட்டேன்.

சுவரில் காதை வைத்தும் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கை இன்னும் காற்றில் நிற்கிறது. மகள் வாயைத் திறந்திருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லைக் கொடுப்பது? நீங்களே கொடுங்கள், ஆனால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். திரைக்கு உள்ளிருந்து அண்ணன் கேட்கத் தொடங்கிவிட்டான்:

"என்ன, யாரும் அசையவே இல்ல? படம் நின்னுபோச்சா?"