எல்லா நிலையங்களிலும் நிற்கும்

அலுவலகத்தில் அவனுக்கு அட்டவணை என்று பெயர். எந்த வண்டி எங்கே திரும்பும், எதில் போனால் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் போகிறவர்களைப் பற்றிக் கேட்டால், "கண்ணைத் தொறந்துகிட்டே கிணத்துல விழறவங்க" என்பான். சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. நாற்பது நிமிடம் கூடுதலாகும். கட்டணம் நாலில் ஒரு பங்கு.

அவன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் விமானத்தில் ஊருக்குக் கிளம்பியபோதும் அந்தக் கணக்குதான் போட்டான். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை மூன்று வருடமாகத் திருப்பி, துடைத்து, ஊட்டி வந்தவள் அவள். அவளுடைய மகளுக்குப் பதினொரு வயது. வளைந்த முதுகெலும்பை நிமிர்த்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. அம்மா வந்து நின்றால்தான் மயக்க ஊசிக்குக் கையை நீட்டுவேன் என்று அந்தக் குழந்தை ஒற்றைக் காலில் நின்றது.

"விரைவு வண்டியிலயே போயிடலாமாண்ணா? என் காசுலயே எடுத்துக்கறேன்."

"உன் காசுன்னா காசு இல்லையா தங்கச்சி? ரெண்டு மணிக்குத்தான் கவுன்டர் மூடுவான். நாம ஒண்ணேகாலுக்கே அங்க இருப்போம். மிச்சத்துல பொண்ணுக்கு ஏதாவது வாங்கு."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் மருந்துக்கடைக்கு அப்பால் அவள் போனதில்லை. இந்த ஊர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் அவன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தான்.

பன்னிரண்டு ஐந்துக்கு ரயில் கிளம்பியது. நாலாவது நிலையம் தாண்டியதும் நின்றது. சிக்னல் கோளாறு என்றார்கள். நாற்பத்தெட்டு நிமிடம் ஒரு சுவரைப் பார்த்தபடி நின்றது. அவள் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதன் அட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

சந்திப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்று பதினெட்டு. இந்த வண்டியிலேயே போனால் இன்னும் முக்கால் மணி நேரம். எதிர் நடைமேடைக்கு விரைவு ரயில் வந்துகொண்டிருந்தது. அதில் மாறினால் பதினைந்து நிமிடம்தான். டிக்கெட்டை உள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். அவன் எழுந்து அவளுடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். போன் அடித்தது. மனைவி.

"அவளுக்கு மாத்தா வரேன்னவ வரலையாம். இப்பதான் சொல்றா."

"வேற ஆளு?"

"நான் என்ன ஆள் காய்க்கிற மரமா வச்சிருக்கேன்? பத்து நாளைக்கு உங்கம்மாவை நீங்களே அள்ளிக் கொட்டுங்க. எனக்கு ஆபீஸ் இருக்கு, இடுப்பும் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ ஏர்போர்ட் போய்ச் சேந்துட்டாளா?"

"இன்னும் இல்ல. வண்டி லேட்டு."

"ஓ."



"நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்று வைத்துவிட்டாள்.

போன வருடம், ஊருக்குக் கிளம்பிய இவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தபோது, அம்மாவுக்கு அவன்தான் துணி மாற்றினான். அம்மா வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். அது இரண்டு நாள். இது பத்து.

எதிரே கதவுகள் திறந்தன. வெள்ளைப் பெட்டிகள், அகலமான ஆரஞ்சுக் கோடு.

"எல்லாரும் பெட்டியோட ஏறறாங்களேண்ணா. அது அங்கதான் போகுதா?"

"அது வேற பக்கம் போற வண்டி," என்றான். யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். விரைவு ரயில் கிளம்பிப் போனது.

அதன்பிறகு பன்னிரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் கதவு திறந்து மூடும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிழவர் மிதிவண்டியை ஏற்றத் திணறியபோது, இவளே ஓடிப்போய் அதைத் தூக்கி உள்ளே வைத்தாள். "புடிச்சிடலாம், புடிச்சிடலாம்," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

கவுன்டருக்கு ஓடியபோது இரண்டு பதினொன்று. உள்ளே இருந்தவள் பட்டியலை மூடிவிட்டிருந்தாள். அடுத்த விமானம் நாளை மறுநாள் என்றாள். இவள் பாஸ்போர்ட்டை மேசைமேல் தள்ளினாள். அவள் திருப்பித் தள்ளினாள்.

"நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்லுங்கண்ணா."

அவன் சொன்னான். கெஞ்சவில்லை. முடியாது என்றதும் தலையாட்டிவிட்டு வந்தான்.

அப்போது மகள் அழைத்தாள். இவள் போனை அவன் கையில் திணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாவா? அம்மா ஏறிட்டாங்களா?"

"கொஞ்சம் தாமதம்டா. வந்துடுவாங்க."

"எட்டு மணிக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீ பயப்படாம கையை நீட்டு. தூங்கி எழுந்தா அம்மா பக்கத்துல இருப்பாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க? முழிச்சிப் பாத்துட்டுத் தேடுமே."

"அழாம இருக்கட்டும்னுதான்."

பெட்டியை அவனே இழுத்துக்கொண்டு நடந்தான். ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுத்தான். கட்டணத்தைப் பார்க்கவில்லை. நடைமேடையில் வண்டி தயாராக நின்றது. வெள்ளைப் பெட்டிகள், ஆரஞ்சுக் கோடு.

அவள் கதவருகே நின்றுவிட்டாள்.

"இதுதானேண்ணா அங்க நின்னுச்சு?"

"மூணு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்," என்றான் அவன். "இல்லேன்னா புண்ணு வந்துடும். ஏறு."