பதினொன்றா, பதினொன்றே அரைக்காலா?

சிஹாபுதீனின் சின்ன லாரி மூன்று வருஷமாக உசிலம்பட்டிச் சந்தைக்கும் மதுரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1937 சித்திரையில் ஒரு நாள் செக்கானூரணி தாண்டி வரும்போது, பிரேக்கை எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்கவில்லை. சாலையோர வைக்கோல் போரில் மோதித்தான் நின்றது. கத்தரிக்காய்க் கூடைகள் சிதறின, யாருக்கும் அடியில்லை.

மதுரைத் தெற்குவாசலில் பட்டறை வைத்திருந்த சேக் இஸ்மாயில், பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் தரையில் வைத்தார். பெரிய இரும்புச் சட்டி மாதிரி இருந்தது. பிரேக் பட்டை உரசி உரசி அதன் உள்சுவர் வெகுவாகத் தேய்ந்திருந்தது. புது டிரம்முக்கு மதராஸுக்கு எழுதினார். அந்த லாரி செய்த வருஷத்து வண்டிகளுக்கு உள்விட்டத்தில் இரண்டு அளவு உண்டு, பதினோரு அங்குலம் ஒன்று, அதைவிட எட்டில் ஒரு அங்குலம் கூடுதலான பதினொன்றே அரைக்கால் ஒன்று, உங்களுக்கு எது என்று பதில் வந்தது.

இஸ்மாயில் உள்ளே அளந்தார். பதினொன்றே கால்.

"இது தேஞ்சதுக்குப் பெறகு உள்ள அளவு, மாப்ள. மொதல்ல எம்புட்டு இருந்துச்சுன்னு யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

கால் அங்குலம் எந்த டிரம்மும் தேயாது, அதனால் பெரிய அளவாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. தப்பானது வந்தால் வண்டி இன்னும் இரண்டு வாரம் படுத்துவிடும்.

வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்க மலையம்மாள் வந்திருந்தாள். ஊர் ஊராகப் போய் உரலும் அம்மியும் கொத்துகிறவள். உளிப்பையோடு இந்த லாரியில்தான் போய்வருவாள். இருவர் பேச்சையும் கேட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டிரம்முக்குள் விரலை விட்டுத் தடவினாள். விளிம்புக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஒரலு மாதிரிதான் பாய் இதுவும். ஒலக்கை படுற எடந்தான் குழியும். வாய்க்கிட்டக் கல்லு அன்னைக்கு இருந்தபடியே இருக்கும். இங்கனயும் ஓரத்துல ஒரு நெல்லு அகலத்துக்குத் தேயாம நிக்கிது."

இஸ்மாயில் மண்ணெண்ணெய்த் துணியால் விளிம்பைத் துடைத்தார். கறுத்த பிசுக்கு போனதும் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. பட்டை ஒருநாளும் தொடாத இரும்பு. அதன்மேல் வைத்து அளந்தார். திருப்பிப் போட்டு அளந்தார். இரண்டு தடவையும் மயிரிழை பிசகாமல் பதினொன்று. முப்பது வருஷமாக இரும்பைத் தொட்டவர், அவளுக்குத் தன் முக்காலியை நகர்த்திப் போட்டார்.

சிஹாபுதீனும் விரலை விட்டுப் பார்த்தான். விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் அந்தச் சின்னப் படி விரலில் இடறியது. அவ்வளவு இரும்பும் எங்கே போயிற்று? உசிலம்பட்டியில் குறுக்கே பாய்ந்த கன்றுக்குட்டி, வளையம் உருட்டிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை, திருவிழாக் கூட்டம். அவன் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் தூசியளவு கரைந்து கொடுத்திருக்கிறது.

பதினோரு அங்குல டிரம் ரயிலில் வந்தது; கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் உசிலம்பட்டிச் சாலையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தான். லாரி மிதித்த இடத்திலேயே நின்றது. கடைசி ஆடும் கடந்துபோன பிறகும் அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இன்னும் எதுக்கு நிக்கிறீக?" என்று பக்கத்திலிருந்து மலையம்மாள் கேட்டாள்.

"சும்மாதான்" என்றான்.